பேர வாவிக் கரையில் 22ஆம் மாடி வீடு: வாங்கலாமா?

நல்லூர்க்காரி எழுதியது:

கொழும்பு 2இல், கொம்பனித்தெருப் பக்கமாக, பேர வாவியைப் பார்த்தபடி நிற்கும் 22 மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சி வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. தரகர் அதைப் பென்ற்ஹவுஸ் என்கிறார். விளம்பரத்தின்படி பரப்பளவு 3,100 சதுர அடி. நான்கு படுக்கையறைகள், வாவிப் பக்கம் திறந்த பெரிய மொட்டைமாடி, இரண்டு வாகனத் தரிப்பிடங்கள். கேட்கும் விலை 12 கோடி ரூபாய். கட்டிடம் முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதைய உரிமையாளர் முதலாவது கொள்வனவாளர். மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 28 ரூபாய் என்று சொல்லப்படுகிறது.

இதில் முதலில் ஆசைப்பட்டவர் ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி. அவர் கனேடியக் குடியுரிமை பெற்றவர், இலங்கைக் குடியுரிமையை இன்னும் மீளப் பெறவில்லை. அம்மாவுக்கு 78 வயது. மாதம் ஒருமுறை இருதய வைத்தியரிடம் காட்ட நாங்கள் கொழும்புக்குப் போய் வருகிறோம். அங்கே சொந்தமாக ஒரு வீடு இருந்தால் அம்மாவுக்கும் வசதி, தம்பி குடும்பம் வந்து தங்கவும் வசதி என்பது அவருடைய எண்ணம். கொக்குவிலில் எனக்குச் சீதனமாகத் தந்த ஆறு பரப்புக் காணி வெறுமையாகக் கிடக்கிறது. அதை விற்றால் வரும் பணம் விலையின் மூன்றிலொரு பங்கைக்கூடத் தாங்காது. மிகுதியைத் தான் தருவதாகத் தம்பி சொல்கிறார். வீட்டைப் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். மாலை வெயிலில் வாவி மினுங்குவதும், நடுவே சீமா மாலகம் மிதப்பதுபோல நிற்பதும், பின்னறை யன்னலில் தாமரைக் கோபுரம் தெரிவதும் யாரையும் மயக்கக்கூடிய காட்சிகள்தாம். மயங்குவதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

கிணற்றடி எழுதியது:

ஆறு பரப்பு என்பது அறுபது பேர்ச். அறுபது பேர்ச் நிலத்தையும் அதிலுள்ள நன்னீர்க் கிணற்றையும் கொடுத்துவிட்டு, ஆகாயத்தில் ஒரு பெட்டியில் மூன்றிலொரு பங்கை வாங்கப் போகிறீர்கள். எனக்கு வேறொன்றும் சொல்வதற்கில்லை.

பழைய நொத்தாரிசு எழுதியது:

கிணற்றடியின் கவலை நியாயமானது. ஆனால் மண்ணா ஆகாயமா என்ற வாதத்துக்கு முன்னே உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், என்ன எழுதப்படும் என்று பார்ப்பதே என் தொழிற் பழக்கம், ஆகையால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

தொடர்மாடி வீடொன்றை வாங்குபவர் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் வாங்குகிறார். அச்சட்டம் பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. அவர் பெறுவன இரண்டு: தன் வீடு என்ற தனிக் கூறு, அத்துடன் காணி, படிக்கட்டு, லிப்ற், கூரை போன்ற பொதுப் பகுதிகளில் பிரிக்கப்படாத ஒரு பங்கு. எது தனிக் கூறு, எது பொதுப் பகுதி என்பதைத் தரகரின் விளம்பரமோ, விற்பவரின் வாய்மொழியோ, கட்டியவர்கள் அச்சிட்ட வண்ணக் கையேடோ தீர்மானிப்பதில்லை. காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கும் கூட்டாதன (தொடர்மாடி உடைமை) வரைபடமே தீர்மானிக்கிறது. உச்சி வீடுகளில் இதனால்தான் சிக்கல் அதிகம். கூரை இயல்பாகவே பொதுப் பகுதி; மொட்டைமாடி உங்களுடையதாக வேண்டுமாயின் அது வரைபடத்தில் உங்கள் கூறின் பகுதியாகவோ அதனுடன் இணைந்த துணைக் கூறாகவோ எல்லை காட்டி அளந்து குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வாகனத் தரிப்பிடத்துக்கும் இதே விதிதான். சுவரில் வீட்டிலக்கத்தை மையால் எழுதிவிட்டால் அந்த இடம் சொந்தமாகிவிடாது.

வரைபடத்தின் பிரதியைப் பதிவகத்தில் நீங்களே எடுங்கள். விற்பவர் நீட்டும் நிழற்பிரதியை நம்ப வேண்டாம். கட்டிடத்துக்கு, அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்று கூறும் இணக்கச் சான்றிதழ் வழங்கப்பட்டதா, கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையின் சான்று உண்டா என்றும் பாருங்கள். கட்டி முடியாத கட்டிடத்தையும் தற்காலிகக் கூட்டாதனமாகப் பதிய இந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னும் இறுதி வரைபடம் பதியப்படாமல் இருந்தால், அங்கே ஏதோ தடையிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்தது உங்கள் தம்பி. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடுகளுக்கு விலக்களித்தது. ஆனால் உறுதி எழுதுவதற்கு முன் முழுப் பெறுமதியும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. முழுப் பெறுமதியும் என்ற சொற்களைக் கவனியுங்கள். உங்கள் கொக்குவில் பணமும் அவருடைய கனேடியப் பணமும் ஒரே உறுதியில் இரு பெயர்களில் கலக்கும்போது இந்நிபந்தனை இடறும். இரட்டைக் குடியுரிமை உள்ளவரை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. ஆகவே அவர் முதலில் அதற்கு விண்ணப்பிப்பதே சுத்தமான வழி. வீட்டைப் பின்னொரு நாள் விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோகும் எண்ணம் அவருக்கு இருந்தால், வருகிற பணம் வெளிநாட்டு முதலீட்டுக்கென வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வர வேண்டும். உங்கள் பெயரில் உறுதியை எழுதிவிட்டு, பணம் அவருடையது என்று குடும்பத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்வது இன்று இனிக்கும். உங்கள் பிள்ளைகளும் அவருடைய பிள்ளைகளும் தலையெடுக்கும் காலத்தில் அதுவே வழக்காகும். அப்படி முறிந்த சகோதரங்களை என் மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 12 கோடிக்கு அது 47 இலட்சத்து 99 ஆயிரம் ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம் அதற்கு மேல்.

நல்லூர்க்காரி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். சீதனக் காணியை விற்றுக் கொழும்பில் வாங்கினால் அந்தப் பங்கு தேடிய தேட்டமாகிவிடும், அதாவது கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்தாகிவிடும் என்று என் கணவரின் அண்ணர் சொல்கிறார். அது சரியா? சீதனக் காணி என் பெயரிலேயே இருப்பதால் நான் தனியாகக் கையொப்பமிட்டு விற்க முடியும்தானே?

பழைய நொத்தாரிசு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமாகிய தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் தனிச் சொத்தாகிய அசையாச் சொத்தைக் கணவரின் எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இந்தக் காலத்துக்கு இது ஒவ்வாத விதி என்பது என் சொந்த அபிப்பிராயம். சட்டம் நிற்கும்வரை கையொப்பம் வேண்டும்.

தேடிய தேட்டம் பற்றி உங்கள் மைத்துனர் சொல்வது பாதி சரி. திருமண காலத்தில் விலை கொடுத்து வாங்கிய சொத்து தேடிய தேட்டமே. ஆனால் 1947இன் திருத்தத்துக்குப் பின், கொடுத்த விலை ஒருவரின் தனிச் சொத்திலிருந்து வந்ததாயின் அந்தக் கொள்வனவு தேடிய தேட்டத்தில் சேராது. ஆகவே கொக்குவில் காணி விற்ற பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வந்து, எங்கிருந்து கொழும்புக்குப் போனது என்ற தடத்தை அழியாமல் வைத்திருங்கள். உறுதியிலும் ஒரு வசனம் எழுதுவியுங்கள். காணி கொழும்பில் இருப்பதால் தேசவழமை தீண்டாது என்று நினைக்க வேண்டாம். திருமணச் சொத்துரிமை ஆளோடு போகும். நிலத்தோடு நிற்பது, விற்கும் காணியைப் பங்காளி முந்தி வாங்கக் கோரும் முன்கொள்வனவு உரிமைதான். அது வடமாகாணக் காணிகளுக்கு மட்டும் உரியது, கொழும்பு மாடியில் எந்தப் பங்காளியும் அதைக் கோர முடியாது.

கொங்கிறீற் எழுதியது:

கட்டிடப் பொறியியலாளனாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கொழும்பில் வேலை செய்துவிட்டு இப்போது சுன்னாகத்தில் இருக்கிறேன். உச்சி வீடு பற்றிப் படங்கள் காட்டாதவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது தண்ணீர். மேல்தாங்கியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் உயரத்தால் வருவது. பத்து மீற்றர் உயர வேறுபாட்டுக்கு ஏறக்குறைய ஒரு பார். பத்தாம் மாடிக்காரருக்குத் தாராளமாக வரும் தண்ணீர், தாங்கிக்கு மூன்று மீற்றர் மட்டும் கீழே இருக்கும் உச்சி வீட்டுக்குச் சொட்டாகத்தான் வரும். சுடுநீர்க் கருவிகள் பலவும் அந்த அழுத்தத்தில் இயங்கவே மாட்டா. அதற்காகத் தனியாக அழுத்தப் பம்பி வைத்திருப்பார்கள். அது எங்கே இருக்கிறது, அதன் சத்தம் எந்தப் படுக்கையறைக்குக் கேட்கிறது, மின்தடையின்போது அது மின்பிறப்பாக்கியில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊரில் கிணற்றடி மேடைத் தாங்கியிலேயே பழகிய நாங்கள், இருபத்திரண்டு மாடிக்குத் தண்ணீர் ஏறுவதை ஒரு விடயமாக நினைப்பதில்லை.

இரண்டாவது கூரை. கொழும்பின் மழையும் வெயிலும் கொங்கிறீற் தட்டை மாறி மாறிச் சுருக்கி விரிக்கின்றன. நீர்காப்புப் படலம் கட்டிடத்தோடு சேர்ந்து மூப்படையும். ஏழு ஆண்டுகள் என்றால் அது முதல் முறை புதுப்பிக்கப்பட வேண்டிய காலம் நெருங்கியிருக்கும். மொட்டைமாடியில் ஓடு பதித்திருந்தால் படலம் ஓட்டுக்கு அடியில் இருக்கும். ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஓடுகளை உடைக்க வேண்டும். மேலே ஐயா சொன்னதோடு இது நேரே பொருந்துகிறது. மொட்டைமாடி பொதுப் பகுதியாயின் திருத்துவது வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. உங்களுடையதாயின் கீழ்வீட்டுக் கூரை ஒழுகினால் அந்தச் செலவு உங்கள் தலையில். ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், மழை குறைந்த மாசியில் போகாதீர்கள். புதிதாக வெள்ளையடித்த உட்கூரை எனக்கு எப்போதும் சந்தேகத்தையே தரும்.

மூன்றாவது மேற்கு. வாவி மேற்கே இருந்தால், படத்தில் மினுங்கும் அந்த மாலை வெயில் முழுவதும் உங்கள் கண்ணாடிச் சுவரில் வந்து விழும். மேலே நிழல் தர வேறு மாடியும் இல்லை, கூரைத் தட்டும் சூடேறும். குளிரூட்டிக்கான மின்கட்டணத்தைக் கணக்கில் எடுங்கள். கடல் மிக அருகில், காற்றில் உப்புண்டு. வெளியே வைத்த குளிரூட்டிப் பெட்டிகளும் கம்பி வேலிகளும் யாழ்ப்பாணத்தைவிட விரைவாகத் துருப்பிடிக்கும்.

வாவியைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நூற்றாண்டுக்கு முன் சுமார் 165 ஹெக்டேயராக இருந்தது இன்று 65 ஹெக்டேயர் அளவுதான். மிகுதி நிரப்பப்பட்ட நிலம். நகரின் கழிவுநீர் நெடுங்காலம் அதில் கலந்ததால் பச்சைப் பாசி பெருகி, மீன்கள் செத்து மிதந்து, துர்நாற்றம் எழுந்த நாட்கள் பல. 22ஆம் மாடிக்கு மணம் அவ்வளவாக ஏறாது, காட்சி மட்டும் ஏறும் என்பதே அந்த உயரத்தின் உண்மையான பெறுமதி.

ஸ்காபரோ வாசி எழுதியது:

தம்பியின் பக்கத்திலிருந்து ஒருவன் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே பனியில் வேலைக்குப் போய் வரும் எங்களுக்கு அந்த வீடு ஒரு நினைப்பு. வருடத்தில் மூன்று வாரம் வருவோம். மிகுதி நாற்பத்தொன்பது வாரமும் அது பூட்டியிருக்கும். நானும் வெள்ளவத்தையில் ஒன்று வாங்கினேன். பூட்டியிருந்த வீட்டில் மரத்தளபாடங்களில் பூஞ்சணம் பிடித்தது, குளிரூட்டிக்குள் பல்லி முட்டையிட்டது, திறப்பு வைத்திருந்த உறவினருக்கும் எங்களுக்கும் பேச்சு நின்றது. ஆயினும் நான் விற்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை. தம்பியிடமும் இருக்காது, அவரிடம் கணக்குக் கேட்டு வருத்தாதீர்கள் அக்கா, உங்களுடைய கணக்கை நீங்கள் பாருங்கள்.

ஐந்தாம் மாடி எழுதியது:

கொழும்பு 6இல் ஐந்தாம் மாடியில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் கட்டிடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில் நான்கு ஆண்டுகள் செயலாளராக இருந்து தலைமயிரை இழந்தேன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மின்பிறப்பாக்கி இருந்தது, டீசல் இல்லை. லிப்ற்றை ஒரு மணிநேரம் ஓடவிட்டு மூன்று மணிநேரம் நிறுத்தினோம். எட்டாம் மாடியில் முழங்கால் வருத்தமுள்ள ஒரு அம்மா, நேரம் தவறியதால் கீழே வாயிற்காவலரின் கதிரையில் இரவு ஒன்பது மணிவரை இருந்தார். அது எட்டாம் மாடி. உங்கள் அம்மாவுக்கு 78 வயது, இருதய வருத்தம், 22ஆம் மாடி. நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் கட்டில் லிப்ற்றுக்குள் கொள்ளுமா என்று நாடாவால் அளந்து பாருங்கள். வேண்டாத கேள்வி என்று தரகர் முகஞ்சுளிப்பார், சுளிக்கட்டும்.

பராமரிப்புக் கட்டணத்தின் விகிதத்தை மட்டும் கேட்காதீர்கள். கடந்த பன்னிரண்டு மாதப் பற்றுச்சீட்டுகளையும், கூட்டுத்தாபனத்தின் கணக்கறிக்கையையும், பெரும் திருத்தங்களுக்கென ஒதுக்கிய நிதியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதையும் கேளுங்கள். லிப்ற் மாற்றும் காலம் வரும்போது அந்த நிதி வெறுமையாக இருந்தால் பங்குக்கேற்ப எல்லோரிடமும் அறவிடுவார்கள். பெரிய வீட்டுக்குப் பெரிய பங்கு. விற்பவர் கட்டாமல் விட்ட நிலுவை இருந்தால் அதை உறுதிக்கு முன் தீர்ப்பியுங்கள். மாநகர சபைச் சோலைவரியும் அப்படியே.

அம்மா அங்கே யாரோடு பேசுவார் என்பதையும் யோசியுங்கள். கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் வெள்ளவத்தையில் லிப்ற்றை விட்டிறங்கினால் தமிழ்க் குரல் கேட்கும், முருங்கைக்காயும் ஒடியல்மாவும் நடந்துபோய் வாங்கலாம்.

கொழும்புப் பேரன் எழுதியது:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். கொக்குவிலில் வெறுங்காணி மட்டும் என்ன செய்கிறது? பற்றை வெட்டக் கூலி, வேலி அடைக்கக் கூலி, எல்லையில் பக்கத்து வளவுக்காரரோடு வழக்கு. வாவிக் கரை வீட்டை நல்ல நிறுவனமொன்றுக்கு வாடகைக்குக் கொடுத்தால் மாதாமாதம் வருமானம் வரும். வாவிக் காட்சி உள்ள இடம் இனிப் புதிதாகப் பிறக்கப்போவதில்லை.

பழைய நொத்தாரிசு எழுதியது:

தம்பி, வாவி பிறக்காது என்பது சரி, முன்னால் இன்னொரு கட்டிடம் பிறக்கும். காட்சி என்பது உறுதியில் எழுதப்படும் உரிமை அல்ல. எங்கள் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டத்தில், முன்னாலுள்ள காணிக்காரர் உயர்த்திக் கட்டமாட்டேன் என்று, வழியுரிமையைப் போலத் தன் காணியைக் கட்டுப்படுத்தும் ஒரு பணிவுரிமையைப் பதிந்து தந்திருந்தாலன்றி, அவர் கட்டுவதைக் காட்சி மறைகிறது என்ற காரணத்துக்காக மட்டும் தடுக்க முடியாது. வீட்டுக்கும் வாவிக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

நல்லூர்க்காரி எழுதியது:

கடந்த வெள்ளிக்கிழமை அம்மாவின் வைத்தியரைப் பார்க்கப் போனபோது வீட்டையும் பார்த்து வந்தோம். நீங்கள் சொன்னவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். தரகர் என்னைப் பரிசோதனைக்கு வந்த உத்தியோகத்தராகவே நடத்தினார்.

வீடு அழகானது. அதை மறைக்க விரும்பவில்லை. கதவைத் திறந்ததும் வாவி முழுவதும் காலடியில் விரிகிறது, கூழைக்கடாக்கள் எங்களுக்குக் கீழே பறக்கின்றன. பறவையின் முதுகை வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை. அம்மா மொட்டைமாடியில் போட்டிருந்த பிரம்புக் கதிரையில் பேசாமல் இருந்தார்.

லிப்ற்றின் உட்புற ஆழம் நாடாவில் நான்கு அடி எட்டு அங்குலம். நோயாளிக் கட்டில் போகாது. பொருட்கள் ஏற்றும் லிப்ற்றில் போகும், ஆனால் மின்தடையின்போது ஓடுவது மற்றது மட்டும்தான் என்று காவலாளி சொன்னார். அழுத்தப் பம்பி மூன்றாவது படுக்கையறைச் சுவருக்கு அப்பால் இருக்கிறது. அந்த அறையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொன்னபின்தான் சத்தம் கேட்டது. மேற்குப் பக்கம் வாவிக்கும் எங்களுக்கும் நடுவே தகரம் அடித்த ஒரு வெற்றுக் காணி. யாருடையது என்று கேட்டதற்கு, அங்கே ஒன்றும் வராது என்பதே பதில்.

ஐந்தாம் மாடி அண்ணர் சொன்ன பற்றுச்சீட்டுகள்தான் கதையை மாற்றின. மாதத்துக்கு 61,600 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். 28 ரூபாய்ப்படி 3,100 சதுர அடிக்கு 86,800 ரூபாய் வர வேண்டும். குறைவாக இருக்கிறதே என்று முதலில் மகிழ்ந்தேன். திரும்பும் ரயிலில் வவுனியா தாண்டிய பிறகு தாளில் வகுத்துப் பார்த்தபோது 2,200 வந்தது. திங்கட்கிழமை பதிவகத்தில் எடுத்த வரைபடத்திலும் அதே 2,200. மொட்டைமாடியின் 900 சதுர அடியும் பொதுப் பகுதி. விற்பவரிடம் இருப்பது, அதை அவர் பாவிப்பதில் ஆட்சேபனை இல்லை என்று கட்டியவர்கள் எழுதிக்கொடுத்த ஒற்றைப் பக்கக் கடிதம். முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் தீர்மானம் எதுவும் இல்லை. வாகனத் தரிப்பிடங்களில் ஒன்று மட்டுமே துணைக் கூறாகப் பதியப்பட்டிருக்கிறது.

தம்பியோடு நேற்றிரவு இரண்டு மணிநேரம் பேசினேன். 12 கோடியை 3,100ஆல் வகுத்து 2,200ஆல் பெருக்கினால் 8 கோடி 51 இலட்சம் வருகிறது. அந்த விலைக்குச் சம்மதமாயின், தான் இரட்டைக் குடியுரிமை பெறும்வரை காத்திருக்க விற்பவர் உடன்படுவாராயின், தன் பெயரில் தன் பணத்தில் மட்டும் வாங்குவதாகச் சொல்கிறார். கொக்குவில் காணி இதில் இல்லை. தரகருக்கு அதை எழுதி அனுப்பினேன். மொட்டைமாடியைக் கழித்தால் அது பென்ற்ஹவுஸே அல்ல என்று பதில் வந்திருக்கிறது. நானும் அதைத்தான் அவருக்கு எழுதியிருந்தேன்.

அம்மாவுக்கு வெள்ளவத்தையில் இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு பார்க்கிறோம். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். லிப்ற் பழுதானாலும் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும்.

கிணற்றடி எழுதியது:

கொக்குவில் காணியில் பற்றை வெட்ட ஆள் வேண்டுமென்றால் என்னிடம் ஒருவர் இருக்கிறார்.